மழை வந்தால் கார் பெல்ட் ஏன் கத்துகிறது? உங்களுக்குத் தெரியுமா?

மழைக்கால விடியற்காலை. சாவியைத் திருகுகிறீர்கள். ‘கிரீ...ச்!’ தெருவே திரும்பிப் பார்க்கிறது. சில விநாடிகளில் சத்தம் மாயம்! அந்தச் சில விநாடிகளுக்குள் என்னென்ன நடக்கிறது தெரியுமா? தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கிறது ஆச்சரியம். அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். பிடியுங்கள்!

பானெட்டுக்குள் சுற்றும் அந்தக் கறுப்பு பெல்ட் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, தெரியுமா? இன்ஜினோடு சேர்ந்து சுற்றி பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியின் விட்டம் 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால், பெல்ட் ஓடுவது மணிக்கு 85 கிலோமீட்டர்! கார் நின்ற இடத்திலேயே நின்றாலும் பெல்ட்டுக்கு அதே 85!

சிக்னலில் ஐடிலில் நிற்கிறீர்களா? ஓய்வு உங்களுக்குத்தான். பெல்ட் அப்போதும் மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது!

பெல்ட்டின் நீளம் 1.8 மீட்டர் என்றால், 3,000 ஆர்.பி.எம்.மில் ஒரு விநாடிக்கு 13 சுற்று. ஒரு மணி நேரத்தில் 47,000 சுற்று. வழியில் 7 புல்லிகள் இருந்தால், ஒரே மணி நேரத்தில் அது வளைந்து நிமிர்வது 3 லட்சம் தடவைக்கு மேல்!

இன்னொன்று கேளுங்கள். புத்தம் புது பெல்ட்டும் கொஞ்சம் நழுவத்தான் செய்யும்! ரப்பர் இழுபடும், சுருங்கும். அதில் சுமார் 1 சதவீதம் வேகம் எப்போதும் போய்விடும். இதில் சத்தமே வராது. இது கோளாறும் இல்லை!

அப்படியானால் கத்துவது எது? பெல்ட் புல்லியைப் பிடிக்கும். விடும். மறுபடி பிடிக்கும். மறுபடி விடும். இது ஒரு விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை, சமயத்தில் ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது! அந்த அதிர்வுதான் உங்கள் காதைத் துளைக்கும் ‘கிரீச்’!

வயலின் வில் கம்பியில் உரசும்போது நாதம் பிறப்பதும் இதே பிடி-விடு வித்தையால்தான்! கர்நாடகக் கச்சேரியிலும் சரி, காரின் பானெட்டுக்குள்ளும் சரி, இயற்பியல் ஒன்றேதான்!

ஈர விரலால் கண்ணாடி டம்ளரின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். ‘ங்ங்ங்’ என்று பாடும்! 1761-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் இதை வைத்து ஓர் இசைக்கருவியே செய்துவிட்டார். பெயர் கிளாஸ் ஆர்மோனிகா. 1791-ல் அந்தக் கருவிக்காக இசை எழுதியவர் யார் தெரியுமா? மொஸார்ட்!

இப்போது மழைக்கு வருவோம். தண்ணீர் பட்டதும் ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் நுழைகிறது. பிடிமானம் சரிகிறது. அதைவிட மோசம் ஒன்று உண்டு: ஈரத்தில் நழுவும் வேகம் கூடக் கூட உராய்வு இன்னும் குறையும்! நழுவத் தொடங்கிய பெல்ட்டை நிறுத்த வேண்டிய உராய்வே அதை மேலும் நழுவ விடுகிறது!

இதைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். நன்றாக நனைந்து சொட்டும் பெல்ட்டைவிட, பாதி காய்ந்து பாதி ஈரமாக இருக்கும் பெல்ட்தான் அதிகம் கத்தும்! ஓர் இடம் பிடிக்கும், பக்கத்து இடம் வழுக்கும். கொட்டும் மழையில் அமைதியாக ஓடிய கார், மறுநாள் பனி விழுந்த காலையில் ஊரைக் கூட்டுவது இதனால்தான்!

அப்புறம் சத்தம் தானாக நிற்கிறதே, எப்படி? யாரும் துடைக்க வேண்டாம். உராய்வுச் சூடும் இன்ஜின் சூடும் சேர்ந்து ஈரத்தை உலர்த்திவிடுகின்றன!

அடுத்தது என் கண்ணை அகல விரிய வைத்த கணக்கு. பெல்ட்டின் உட்பக்கத்தில் நீளவாக்கில் வரிவரியாக மேடு இருக்கிறதல்லவா? ஒவ்வொரு வரியும் புல்லியின் 40 டிகிரி பள்ளத்தில் ஆப்பு அடித்தது போல் உட்காருகிறது. இந்த ஒரு வடிவத்தால் மட்டும் பிடிமானம் 2.9 மடங்கு கூடுகிறது!

இன்னும் இருக்கிறது! 18-ம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லரின் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். உராய்வு எண் 0.5. புல்லியை அரைச் சுற்று சுற்றிய தட்டையான பெல்ட். இறுகிய பக்கத்தின் விசை, தளர்ந்த பக்கத்தைப்போல் 4.8 மடங்கு ஆகும் வரை பெல்ட் நழுவாது. அதே இடத்தில் அந்த 40 டிகிரி வி-பள்ளம் வைத்தால்? 98 மடங்கு!

இப்போது தண்ணீர் புகுந்து உராய்வு பாதியாகிறது என்று வையுங்கள். 98 எவ்வளவாகும்? 49 என்று சொல்வீர்கள். இல்லை! வெறும் 10! பாதி உராய்வு போனால் பத்தில் ஒன்பது பங்கு பிடி போய்விட்டது! மழைத்துளிக்கு இத்தனை வலிமை!

முதலில் நழுவுவது எந்தப் புல்லி? பெரும்பாலும் ஆல்டர்நேட்டர்! பல மெக்கானிக்குகள் இன்றும் டைனமோ என்றே சொல்லும் அதே பெட்டிதான். புல்லி அங்கேதான் மிகச் சிறியது. விட்டம் சுமார் 50 மில்லிமீட்டர். இன்ஜின் 3,000 சுற்று சுற்றினால் அது சுற்றுவது 9,000!

14 வோல்ட்டில் 100 ஆம்பியர் கொடுக்கும் ஆல்டர்நேட்டர், பெல்ட்டிலிருந்து உறிஞ்சுவது 3 குதிரைத்திறனுக்கும் மேல்! அந்தச் சக்தி முழுவதும் எவ்வளவு இடத்தின் வழியாகப் போகிறது தெரியுமா? 6 வரி பெல்ட்டின் அகலம் 21 மில்லிமீட்டர். புல்லியைத் தொடும் நீளம் 8 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம் அளவு, அவ்வளவுதான்!

மழைக் காலையில் அந்த ஆல்டர்நேட்டருக்கு வேலை எப்படி இருக்கும், எண்ணிப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததில் இறங்கிய பேட்டரியை நிரப்ப வேண்டும். ஹெட்லைட் எரிகிறது. வைப்பர் ஓடுகிறது. கண்ணாடியில் படிந்த ஆவியை விரட்ட புளோயர் ஓடுகிறது. பிடி மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில்தான் பாரம் மிக அதிகம்!

4 சிலிண்டர் இன்ஜின் சீராகச் சுற்றுகிறது என்றா நினைத்தீர்கள்? 800 ஆர்.பி.எம். ஐடிலில் ஒரு விநாடிக்கு 27 வெடிப்பு! ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் ஒரு துள்ளு துள்ளும். பெல்ட் விநாடிக்கு 27 தடவை சுண்டி இழுபடும். ஐடிலில் சத்தம் அதிகமாகக் கேட்பதற்கு இதுவும் காரணம்!

இதற்காகவே பல கார்களின் ஆல்டர்நேட்டர் புல்லிக்குள் ஒரு வழி கிளட்ச் ஒளிந்திருக்கிறது! ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். மறுபக்கம் சைக்கிளின் ஃப்ரீவீல் மாதிரி சும்மா சுற்றும். அது இறுகிப்போனாலும் பெல்ட் கத்தும். பெல்ட்டைப் பத்துத் தடவை மாற்றினாலும் சத்தம் போகாது!

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் காரா? பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பிடித்தால், பம்ப்பில் அழுத்தம் சுமார் 100 பார் வரை எகிறும்! டயரில் நீங்கள் அடிக்கும் காற்றைப்போல் 40 மடங்குக்கும் மேல்! அந்த நொடியில் ஒரு ‘கிரீச்’ கேட்டால், பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பெல்ட்டின் முதுகும் வேலை செய்கிறது! பல இன்ஜின்களில் வரி இல்லாத வழுவழுப்பான பின்பக்கம்தான் வாட்டர் பம்ப்பைச் சுற்றுகிறது. அங்கே வி-பள்ளமும் கிடையாது, 2.9 மடங்கும் கிடையாது!

சரி, உங்கள் கார் கத்துவது எதனால்? கண்டுபிடிக்கத் தேவையானது என்ன தெரியுமா? ஒரு ஸ்பிரே பாட்டில் தண்ணீர்! துணிக்கு இஸ்திரி போடும்போது தெளிப்போமே, அதே பாட்டில் போதும்.

இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். துப்பட்டா, டை, தொங்கும் தலைமுடி எதுவும் பக்கத்தில் வேண்டாம். கை தள்ளியே இருக்கட்டும். பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில் மட்டும் லேசாகத் தண்ணீர் அடியுங்கள். ஆல்டர்நேட்டர் மேல் படாமல் அடியுங்கள்.

சத்தம் கூடிவிட்டதா? பெல்ட் நழுவுகிறது! இறுக்கம் போதவில்லை, அல்லது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது வரிகள் தேய்ந்துவிட்டன.

சத்தம் நின்றுபோய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்ததா? நோயே வேறு! புல்லிகள் நேர்கோட்டில் இல்லை! பெல்ட் பள்ளத்தின் சுவரில் உரசிக்கொண்டு நுழைகிறது. தண்ணீர் அந்த உரசலுக்கு எண்ணெயாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரே தண்ணீர். ஒரு நோயில் சத்தம் கூடுகிறது. இன்னொன்றில் குறைகிறது. காசு செலவில்லாத இப்படியொரு சோதனை கார் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

காது கூர்மையாக இருந்தால் தண்ணீர்கூட வேண்டாம். ‘கிரீ...ச்’ என்று நீளமாக வந்தால் நழுவல். ‘கீச், கீச், கீச்’ என்று சீராக விட்டு விட்டு வந்தால் நேர்கோடு தவறிய புல்லி!

எவ்வளவு தவறினால் கத்தும்? 100 மில்லிமீட்டர் தூரத்துக்கு ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் விலகினாலே 1 டிகிரி. வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. பெல்ட்டுக்குப் பிடிபட்டுவிடும்! இதை அளக்க லேசர் கருவியே இருக்கிறது!

பெல்ட்டின் முதுகில் 6பிகே1800 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்ததுண்டா? 6 வரி, 1,800 மில்லிமீட்டர் நீளம்! ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 3.56 மில்லிமீட்டர். எந்த நாட்டு பெல்ட்டானாலும் பிகே என்றால் அதே 3.56!

வெடிப்பு விழவில்லை, அதனால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்கிறீர்களா? ஏமாந்துவிடாதீர்கள்! வெடித்துக் காட்டியது பழைய நியோப்ரீன் பெல்ட். இப்போதைய கார்களில் இருப்பது ஈ.பி.டி.எம். ரப்பர். லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் வெடிப்பே தெரியாமல் ஓடும். ஆனால் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டே வரும்!

தேய்ந்தால் என்ன ஆகும்? வரி பள்ளத்துக்குள் இறங்கி அடியைத் தொட்டுவிடும். ஆப்பு வேலை முடிந்தது! அடியில் இருந்த இடைவெளியும் அடைபட்டது. தண்ணீர் வெளியேற வழியே இல்லை! காய்ந்த நாளில் நல்ல பிள்ளையாக ஓடும் பெல்ட், முதல் மழையில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பெல்ட் கத்தினால் சிலர் சோப்பைத் தேய்ப்பார்கள். சிலர் எண்ணெய் விடுவார்கள். ஐயோ, வேண்டவே வேண்டாம்! ஈ.பி.டி.எம். தண்ணீருக்கு அஞ்சாது, வெயிலுக்கு அஞ்சாது. எண்ணெய் பட்டால் மட்டும் உப்பிப் போகும்! சத்தத்தை நிறுத்தப் போய் பெல்ட்டையே கொன்றுவிடுவீர்கள்!

கடையில் கிடைக்கும் பெல்ட் ஸ்பிரே? பெல்ட் தயாரிப்பவர்களே அடிக்காதே என்கிறார்கள்! பசை மாதிரி ஒட்டும், தூசியை இழுக்கும், சில நாளில் சத்தம் திரும்ப வரும்.

மழையே இல்லாத நாளிலும் ஈர பெல்ட் மாதிரி கத்துகிறதா? வாட்டர் பம்ப்பைப் பாருங்கள்! அங்கிருந்து கசியும் கூலன்ட் தண்ணீர் மாதிரி சீக்கிரம் காயாது. ஒரு துளி போதும், பெல்ட் முழுக்கப் பூசிவிடும்!

இது நிறையப் பேருக்குத் தெரியாது. எனக்கோ இதுதான் இந்தத் தொகுப்பிலேயே தங்கம்! குறுக்குவாட்டில் இன்ஜின் வைத்த கார்களில், முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே பெல்ட் ஓடுகிறது. தேங்கிய தண்ணீரில் டயர் இறங்கினால் நேரே பெல்ட் மேல்தான் அடிக்கும். நடுவில் தடுப்பது என்ன? ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு!

வீல் ஆர்ச்சுக்குள் குனிந்து பாருங்கள். அந்தத் தகட்டைப் பிடித்திருப்பது சில பிளாஸ்டிக் கிளிப்புகள் மட்டுமே. ஏதாவது வேலைக்காகக் கழற்றும்போது கிளிப் உடையும். தகடு ஒர்க்‌ஷாப் மூலையிலேயே தங்கிவிடும். அடுத்த மழையில் உங்கள் கார் கத்தும். நீங்கள் புது பெல்ட் வாங்குவீர்கள். சத்தம் போகாது! குறை அந்தத் தகட்டில்!

வாட்டர் வாஷ் முடிந்து காரை எடுத்ததும் கத்துகிறதா? பதற வேண்டாம். இன்ஜின் பக்கம் அழுத்தத்தோடு அடித்த தண்ணீர்தான். இரண்டு நிமிடத்தில் காய்ந்து அடங்கிவிட்டால் பெல்ட் பிழைத்தது. அடங்கவில்லையென்றால் தண்ணீர் உங்களுக்கு ஓர் உண்மையைச் சொல்கிறது!

மழையில் நாள்கணக்கில் நிறுத்திய காரின் புல்லியில் துரு ஏறும். அந்தத் துரு உப்புத்தாள் மாதிரி பெல்ட்டைச் சுரண்டும். அடிக்கடி ஓட்டுகிற காரைவிட ஓட்டாத கார் அதிகம் கத்தலாம்!

கார் பெல்ட்டுக்கு வயது என்ன? காருக்கு என்ன வயதோ, அதுவே! 1886-ல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் முதல் காரிலேயே பெல்ட் இருந்தது. ரப்பர் இல்லை, தோல்! இன்ஜின் சக்தியே அந்தத் தோல் பட்டை வழியாகத்தான் போனது!

1888 ஆகஸ்ட்டில் அந்த மாடல் காரை எடுத்துக்கொண்டு மகன்கள் இருவருடன் கிளம்பினார் பென்ஸின் மனைவி பெர்த்தா. மான்ஹைம் முதல் ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, சுமார் 100 கிலோமீட்டர்! உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம்! வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் பிரேக் கட்டைக்குத் தோல் அடித்து வாங்கிக்கொண்டு மேலே போனார் அந்த வீராங்கனை!

1917-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் ரப்பரையும் நூலையும் சேர்த்து வி-பெல்ட் செய்தார். தோல் பட்டையின் காலம் முடிந்தது!

நம் மதுரையிலும் வி-பெல்ட் தயாராகிறது, தெரியுமா? ஃபென்னர்! மாவு மில்லிலும் நெல் மில்லிலும் எத்தனையோ தடவை கண்ணில் பட்ட பெயர். ஊர் எது என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்?

ஃபோக்ஸ்வாகன் பீட்டில். 2 கோடிக்கு மேல் விற்ற கார். அதன் பெல்ட்டை இறுக்க டென்ஷனரே கிடையாது! புல்லியை இரண்டாகப் பிரித்து, நடுவில் இருக்கும் மெல்லிய வளையத்தில் ஒன்றை எடுத்துவிட்டால் பெல்ட் இறுகும். பெல்ட் அறுந்தால்? காற்றடிக்கும் ஃபேன் நிற்கும். காற்றால் குளிரும் இன்ஜின் கொதிக்கும்!

நெதர்லாந்தின் டாஃப் 600 இன்னும் ஒரு படி மேலே! 1958-ல் அறிமுகம். பின்சக்கரங்களையே ரப்பர் வி-பெல்ட்தான் ஓட்டியது! முன்னே போகும் வேகத்திலேயே ரிவர்ஸிலும் போகும்! சும்மா விடுவார்களா? ரிவர்ஸில் பந்தயமே வைத்தார்கள்!

அம்பாசடர் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, கம்பியால் நெம்பி, பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துவார்கள். அரை அங்குலம் இறங்கினால் சரி! இன்று அந்தக் கட்டைவிரலின் வேலையைத்தான் டென்ஷனரின் ஸ்பிரிங் செய்கிறது.

முன்பெல்லாம் ஆல்டர்நேட்டருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று என்று இரண்டு மூன்று பெல்ட். எல்லாவற்றையும் சுற்றி வளைந்து ஓடும் ஒரே பெல்ட் 1979 மாடல் ஃபோர்டு மஸ்டாங்கில் வந்து இறங்கியது! வசதிதான். ஆனால் அந்த ஒன்று அறுந்தால் எல்லாமே போச்சு!

எண்ணெய் பட்டால் பெல்ட் கெடும் என்றேனே? எண்ணெயிலேயே குளித்தபடி ஓடும் பெல்ட்டும் உண்டு! ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட் இன்ஜினில் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்! சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டிலும் இந்த இன்ஜின் வந்தது. அந்த பெல்ட்டின் ரப்பரே வேறு!

மழைக்குக் கத்துவது டைமிங் பெல்ட் அல்ல. அதற்குப் பல் உண்டு, மூடியும் உண்டு. 1962-லேயே ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் வந்துவிட்டது அது!

பெல்ட் இன்ஜினைச் சார்ந்தது என்றுதானே நினைக்கிறோம்? தலைகீழ்! 2015-ல் வந்த மாருதி சியாஸ் எஸ்.ஹெச்.வி.எஸ். காரில், சிக்னலில் அணைந்த இன்ஜினை மறுபடி கிளப்புவதே பெல்ட்தான்!

2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் மழைக்குக் கத்தும் இந்த பெல்ட்டே கிடையாது! வாட்டர் பம்ப், ஏசி, எல்லாமே மின்சாரம். எத்தனை மழை பெய்தாலும் கத்த ஆளில்லை!

உங்கள் காரில் அந்த பெல்ட் இருக்கிறதல்லவா? அப்படியானால் கேளுங்கள். அந்தக் கிரீச்சோடு பேட்டரி விளக்கும் எரிந்தால் ஆல்டர்நேட்டர் சரியாகச் சுற்றவில்லை. வெப்பமானி முள்ளும் ஏறினால் வாட்டர் பம்ப்பும் சரியாகச் சுற்றவில்லை. அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள்!

மெக்கானிக் “பெல்ட் கத்துது சார், மாத்திரலாம்” என்பார். மாற்றுங்கள், தப்பில்லை. ஆனால் பெல்ட் ஓடிய அதே லட்சம் கிலோமீட்டரும் டென்ஷனரின் ஸ்பிரிங்கும் உழைத்திருக்கிறது. தளர்ந்த ஸ்பிரிங்கில் புது பெல்ட் போட்டால் அடுத்த மழையிலேயே மறுபடி கத்தும்! ஐப்பசி பிறப்பதற்குள் டென்ஷனரையும், வீல் ஆர்ச்சுக்குள் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் தகட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்!